பிரீமியம் கேட்காத கேள்வி

நம்பிக்கைகளும் உண்மைகளும்

எங்கள் தெருவில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு கார்கள் நிற்கின்றன. இரண்டும் ஒரே மாடல், 1,200 சி.சி. எஞ்சின். ஒன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. தூரத்தில் மஞ்சள் விளக்கு விழுந்தாலே பிரேக்கில் கால் வைத்துவிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரனைக் கிழித்தாலும் அசைய மாட்டார். இன்னொன்று எதிர்வீட்டு இளைஞருடையது. அவர் பெயரில் பதினொரு சலான்கள். சிக்னல் தாண்டியது, ஒருவழிப் பாதையில் எதிரே போனது, போன் பேசியபடி ஓட்டியது, வேகம் என்று பத்துக்குக் காரணம் சொன்னார். பதினொன்றாவது எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார்.

2024-ல் இருவரும் ஒரே மாதத்தில் பாலிசியைப் புதுப்பித்தார்கள். தர்ட் பார்ட்டி பிரீமியம் இருவருக்கும் 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை.

"அப்போ நான் ஒழுங்கா ஓட்டினதுக்கு என்ன தம்பி மரியாதை?" என்று ஆசிரியர் என்னிடம் ஆதங்கப்பட்டார். இளைஞரோ, "பாத்தீங்களாண்ணே, சலான் வேற, இன்சூரன்ஸ் வேற. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது" என்றார்.

இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் பலரும் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கும் நிலைக்குப் போகிறார்கள். சாலை விதியை மீறியதற்கும் இன்சூரன்சுக்கும் கணக்கு உண்டு. நம் ஊரில் அந்தக் கணக்கைப் பாலிசி எடுக்கும் நாளில் யாரும் பார்ப்பதில்லை. வண்டி இடித்த பிறகுதான் பார்க்கிறார்கள். இதைப் பற்றித் தெருவில் உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சலான் சேரச் சேர பிரீமியமும் ஏறும்

உண்மை: வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி வந்த நம்பிக்கை இது. அவர்கள் ஊரில் அது நிஜம்தான். பிரிட்டனில் விதிமீறலுக்கு லைசென்ஸில் புள்ளிகள் ஏறும். குடித்துவிட்டு ஓட்டிய குறிப்பு பதினொரு வருடம் லைசென்ஸில் நிற்கும். இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டால் மறைக்க முடியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படி மாட்டியவர் 'எஸ்.ஆர்-22' என்ற படிவத்தைத் தன் இன்சூரன்ஸ் கம்பெனி வழியாக அரசிடம் தாக்கல் செய்தாக வேண்டும். அங்கேயும் பலர் அதை ஒரு தனி இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது 'இவருக்குப் பாலிசி இருக்கிறது' என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும் சான்று, அவ்வளவே. அந்தச் சான்று தேவைப்படுகிறவர் என்றாலே கம்பெனி பிரீமியத்தை ஏற்றிவிடும்.

இந்தியாவில் நடைமுறை வேறு. நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் இழப்புக்கான தர்ட் பார்ட்டி பிரீமியத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியலில் தனியார் காருக்கு 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. எஞ்சினின் அளவு மட்டுமே கணக்கு. ஓட்டுகிறவர் யார் என்ற கேள்வியே அதில் இல்லை.

நம் வண்டியின் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதியில் 2007 முதல் கம்பெனிகளே விலை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் பார்ப்பது வண்டியின் மதிப்பு, வயது, எஞ்சின், பதிவான ஊர் ஆகியவற்றை. ஓட்டுநரின் குணம் பற்றி அவர்களிடம் இருக்கும் ஒரே தடயம் போன வருடம் கிளெய்ம் வாங்கினாரா என்பதுதான். வாங்கவில்லை என்றால் நோ கிளெய்ம் போனஸ்: முதல் வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் வருடம் 50. ஆக, ஐம்பது சலான் வாங்கியும் எங்கும் இடிக்காதவருக்கு முழுப் போனஸ் கிடைக்கும். ஒரு விதிகூட மீறாமல், யாரோ உரசிவிட்டுப் போன கீறலுக்குக் கிளெய்ம் போட்டவருக்குப் போனஸ் பூஜ்யமாகும்.

இதை மாற்றும் யோசனை இருக்கிறது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு, 2021 ஜனவரியில் 'போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்' என்று ஒன்றைத் தனியாகச் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று அட்டவணையும் போட்டது. அது பரிந்துரையாகவே நிற்கிறது. ஆசிரியர் போன்றவர்களுக்கு இப்போதைக்கு இருக்கும் ஒரே ஆறுதல், 2022 ஜூலையில் ஆணையம் அனுமதித்த 'எவ்வளவு ஓட்டுகிறீர்கள், எப்படி ஓட்டுகிறீர்கள்' என்று பார்த்துத் தள்ளுபடி தரும் திட்டங்கள்தான்.

நம்பிக்கை 2: தப்பு நம்மேல் என்றால் ரிப்பேர் காசு கிடைக்காது

உண்மை: கிடைக்கும். கவனக்குறைவால் நேரும் இழப்புக்காகத்தானே இன்சூரன்ஸ்? சிக்னலைத் தாண்டி இடித்தீர்கள், வேகமாக வந்து தடுப்பில் மோதினீர்கள் என்பதற்காக மட்டும் ஓன் டேமேஜ் கிளெய்மை மறுக்கப் பாலிசியில் இடமில்லை. எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று பாலிசியே பட்டியல் போட்டிருக்கிறது. போதையில் ஓட்டியது, செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது, அனுமதித்த பயன்பாட்டை மீறியது ஆகியவை அதில் முக்கியமானவை. சொந்த உபயோகத்துக்கான ஒயிட் போர்டு வண்டியைச் சபரிமலை சீசனில் வாடகைக்கு விடுவது அந்தக் கடைசி வகை. வேகமும் சிக்னலும் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு 2025 ஜூலையில் வந்த ஒரு செய்தியும் காரணம். கர்நாடகத்தில் அதிவேகமாக ஓட்டி, வண்டி கவிழ்ந்து இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்ட வழக்கில், தன் அஜாக்கிரதையால் இறந்தவருக்காகக் குடும்பத்தினர் கேட்க முடியாது என்ற உயர் நீதிமன்ற முடிவை உச்ச நீதிமன்றம் மாற்ற மறுத்தது. வாட்ஸ்அப்பில் அது 'வேகமாகப் போனால் இனி இன்சூரன்ஸ் கிடையாது' என்று சுற்றியது. அந்த வழக்கில் கேட்டது ரிப்பேர் செலவு அல்ல. விபத்தை உண்டாக்கியவரே தர்ட் பார்ட்டி ஆக முடியாது என்பதுதான் அதன் சாரம். அவர் மோதி யாராவது அடிபட்டிருந்தால், அவர்களுக்கு உரிய இழப்பீட்டை இந்தத் தீர்ப்பு தொடவில்லை.

அப்படியானால் ஓட்டியவரின் குடும்பத்துக்கு என்ன வழி? உரிமையாளரே ஓட்டும்போது பொருந்தும் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் காருக்கு அது 2 லட்சம் ரூபாய்தான். 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஓர் உத்தரவை ஒட்டி, 2018-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதை 15 லட்சமாக்கியது. பாலிசி போடும்போது, 'இது வேண்டாம் சார், எழுநூறு எண்ணூறு மிச்சம்' என்று முகவர் சொன்னால் கேட்காதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: போதையில் இருந்தாலோ லைசென்ஸ் செல்லாவிட்டாலோ இதுவும் கைக்கு வராது.

நம்பிக்கை 3: பம்பர் டு பம்பர் போட்டாச்சு, எப்படி இடித்தாலும் முழுப் பணம்

உண்மை: பெயர் கொடுக்கும் தைரியம் இது. சாதாரணப் பாலிசியில் பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போடும்போது தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி, ஃபைபருக்கு 30 சதவீதம். பம்பர் டு பம்பர் எடுத்தால் அந்தக் கழிவு இல்லை. அதன் வேலை அத்தோடு முடிந்தது. குடித்திருந்தால் கிடையாது, லைசென்ஸ் இல்லாவிட்டால் கிடையாது என்ற விலக்குகள் அதிலும் அப்படியேதான் இருக்கின்றன. கூடுதல் பிரீமியம் கட்டியதால் அவை மறைந்துவிடாது.

நம்பிக்கை 4: ஊதாமல் தப்பித்தால் குடித்ததை யாராலும் நிரூபிக்க முடியாது

உண்மை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் தண்டிக்க வேண்டுமானால் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்ததைக் காட்ட வேண்டும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அது கிரிமினல் வழக்குக்கான அளவுகோல். இன்சூரன்ஸுக்கு அளவுகோல் வேறு என்று ஒரு போர்ஷே கார் வழக்கில் தெளிவானது.

2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே அந்த கார் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து எரிந்து சாம்பலானது. ஓட்டியவரிடம் மது வாடை இருந்ததை மருத்துவக் குறிப்பு பதிவு செய்திருந்தது. ரத்த அளவு எதுவும் கையில் இல்லை. கம்பெனி பணம் தர மறுத்தது. வழக்கு 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பரிசோதனை முடிவு இல்லாவிட்டாலும், மற்றச் சூழ்நிலைகளை வைத்து, போதையின் பிடியில் ஓட்டினார் என்று கம்பெனி நிறுவலாம் என்று சொன்ன நீதிமன்றம், மறுப்பு சரியே என்றது. அகலமான, வெறிச்சோடிய சாலையில் காரணமே இல்லாமல் வண்டி தறிகெட்டதும் ஒரு சூழ்நிலைதான்.

நம் ஊர் அரசு மருத்துவமனையில் விபத்து என்று யாரைக் கொண்டுபோனாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதி, ஏ.ஆர். காப்பி தருகிறார்கள். நோயாளி பேசியது, வாயில் வாடை வந்தது, யார் ஓட்டியதாகச் சொன்னார் என்பது எல்லாம் பணியில் இருந்த டாக்டர் இரவு இரண்டு மணிக்கு எழுதிய ஒரு வரியில் இருக்கும். 'டிரைவரை மாத்திச் சொல்லிக்கலாம்' என்று நினைக்கிறவர்கள் இந்தக் காகிதத்தில்தான் மாட்டுகிறார்கள். எஃப்.ஐ.ஆரில் மாமா ஓட்டினார் என்றும் ஏ.ஆர். காப்பியில் மச்சான் ஓட்டினார் என்றும் இருந்தால், கம்பெனி அனுப்பும் சர்வேயருக்கு வேலை சுலபம். சுங்கச்சாவடிக் கேமராவும் கடைவாசல் கேமராவும் மிச்சத்தைச் சொல்லிவிடும். வெறும் மறுப்போடு முடிய வேண்டிய விஷயம், பொய்யால் மோசடி வழக்காகும்.

நம்பிக்கை 5: தர்ட் பார்ட்டி இருக்கிறது, அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிடும், நமக்கென்ன?

உண்மை: இந்தப் பத்தியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். காரணம், இதில் பாதி சரி. குடித்துவிட்டு ஒருவர் மோதினார் என்பதற்காக, அடிபட்ட தெருவோரப் பழ வியாபாரியின் குடும்பத்தைச் சட்டம் கைவிடுவதில்லை. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. வழக்கு போட்டால், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு இல்லாமல் இழப்பீடு நிர்ணயிப்பார்கள். அதைக் கம்பெனி செலுத்த வேண்டியிருக்கும்.

அதோடு கதை முடிவதில்லை. பாலிசி நிபந்தனையை வண்டிக்காரர் மீறியது நிரூபணமானால், நீதிமன்றங்கள் 'கொடு, பிறகு வசூலி' என்று உத்தரவிடுகின்றன. கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வாங்கிக்கொள்ளும். 2004-ல் வந்த ஸ்வரண் சிங் வழக்குத் தீர்ப்பு இதற்கு அடித்தளம். உரிமையாளர் தெரிந்தே மீறினாரா, போதிய கவனம் எடுக்கவில்லையா என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. போலி லைசென்ஸைக் காட்டி டிரைவர் ஏமாற்றிய முதலாளிக்கு அதில் தப்பிக்க வழி உண்டு. தானே குடித்துவிட்டு ஓட்டிய முதலாளிக்கு?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மாதம் இருபதாயிரம் சம்பாதித்த முப்பது வயதுக்காரர் இறந்தால், வருமானம், வயதுக்கேற்ற பெருக்கல், எதிர்கால உயர்வு எல்லாம் சேர்த்துத் தீர்ப்பாயம் போடும் தொகை முப்பது, நாற்பது லட்சத்தைச் சாதாரணமாக எட்டும். நிறைவேற்று மனு வரும்போது அது பிரீமியம் கட்டிய கம்பெனியின் கடிதமாக வராது. வீட்டை ஜப்தி செய்யும் நோட்டீஸாக வரும்.

நம்பிக்கை 6: கையில் லைசென்ஸ் அட்டை இருக்கிறதே, சஸ்பெண்ட் ஆனால் என்ன?

உண்மை: சலான் இன்சூரன்ஸைத் தொடும் இடம் இதுதான். வேகம், ஆபத்தாக ஓட்டுவது, போதை போன்ற குற்றங்களில் போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். விளக்கம் கேட்டபின் அவர் முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்யலாம். மறுபடி செய்தால் லைசென்ஸே ரத்தாகலாம். அந்த மூன்று மாதத்தில் பர்ஸில் அட்டையோ செல்பேசியில் அதன் படமோ இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். அப்போது ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. இடித்தால், ஓன் டேமேஜ் போயிற்று. தனிநபர் காப்பு போயிற்று. தர்ட் பார்ட்டியில் 'கொடு, பிறகு வசூலி' வந்து நிற்கும். அபராதத்தைக் கட்டிவிட்டோம், முடிந்தது என்று நினைத்த ஒரு சலானுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

நம்பிக்கை 7: பையன் தெருமுனை வரைக்கும்தானே ஓட்டினான்

உண்மை: பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளரே குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இன்சூரன்ஸ் கணக்கில் இது தெரிந்தே செய்த மீறல். வசூல் நேராக அப்பா மேல் வரும்.

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடையாது என்று ஒரு கிளை நம்பிக்கையும் உண்டு. அது தவறு. 'எல்' போர்டு மாட்டி, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் சொல்லிக்கொடுத்தால் பாலிசி ஏற்கும். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் ஏற்காது.

நம்பிக்கை 8: வண்டியை விற்றாச்சு, இனி எது வந்தாலும் வாங்கினவர் பாடு

உண்மை: பணத்தை வாங்கிக்கொண்டு, 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறோம். வாங்கியவர் பேர் மாற்றாமலே ஓட்டுகிறார். கேமரா எடுக்கும் சலான் உங்கள் எண்ணுக்கு வரும். அது சின்ன விஷயம். 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர். அந்த வண்டி நாலு கை மாறிப்போய் மோதினாலும் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் வாசலுக்கே வரும். பேர் மாறியதைக் கண்ணால் பார்க்கும்வரை விற்பனை முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 9: பாலிசி முடிந்து ஒரு மாதம் வரை ஓட்டலாம், மாட்டினால் ரெண்டாயிரம்தானே

உண்மை: ஆயுள் காப்பீட்டில் உள்ள சலுகை நாட்கள் வண்டிக்குக் கிடையாது. 90 நாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நோ கிளெய்ம் போனஸ் காலாவதியாகாமல் இருப்பதற்கான கெடு; வண்டிக்கான பாதுகாப்பு பாலிசியில் குறித்த கடைசி நிமிடத்தோடு முடிந்துவிடும். அபராதம் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்து 4,000 என்பது உண்மை. அது பிடிபட்டதற்கான விலை. மோதியதற்கான விலையை முழுக்கத் தன் கையிலிருந்தே கொடுக்க வேண்டும்.

பாலிசி இல்லாமல் ஓடும் வண்டிகள் பெருகியதால்தான், புதுக் காருக்கு மூன்று வருடத் தர்ட் பார்ட்டி பாலிசியை ஒரேயடியாக எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. அந்தப் பொதுநல வழக்கைத் தொடுத்தவர் ஒரு வக்கீல் அல்ல. கோயம்புத்தூரின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன்.

நம்பிக்கை 10: பழைய வண்டியோடு போனஸும் வரும்; இல்லாவிட்டாலும் 'கிளெய்ம் இல்லை' என்று சொல்லிக்கொள்ளலாம்

உண்மை: போனஸ் ஆளுக்கு, வண்டிக்கு அல்ல. விற்றவரின் 50 சதவீதம் உங்களுக்கு வராது. பொய் சொல்லி வாங்கினால், அன்றைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். கிளெய்ம் போடும் அன்று பழைய கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போகும். உறுதிமொழி பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பகுதியின் பலன்கள் பறிபோகும் என்று நீங்கள் கையெழுத்திட்ட படிவத்திலேயே எழுதியிருக்கும்.

புகைச் சான்று இல்லாவிட்டால் கிளெய்ம் கிடையாது என்பதும் இதே ரகத்தில் சுற்றுகிறது. அது தவறு, அதைக் காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது என்று 2020-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விளக்கிவிட்டது. சான்று எடுக்க வேண்டியது தனிக் கடமை. எடுக்காததற்கு அபராதமும் தனி.

பத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஆசிரியருக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "உங்களுக்கான மரியாதை பிரீமியத்தில் இல்லை சார். உங்கள் காகிதத்தில் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஆனால், லைசென்ஸ் எங்கே, ஆர்.சி. யார் பேரில், யார் ஓட்டியது என்ற மூன்று கேள்விக்கும் நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லிவிடுவீர்கள்." அவர் முழுத் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. அந்த 3,416 அவருக்கு இன்னும் உறுத்துகிறது. நியாயமும் அவர் பக்கம்தான்.

இளைஞர் சிரித்து மழுப்பிய பதினொன்றாவது சலான் எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை இரவு ஊதியிருக்கிறார். அபராதத்தைக் கட்டிவிட்டார், லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு அதே காரில்தான் ஆபீஸ் போகிறார். புதுப்பிக்கும்போது கம்பெனியில் இதைப் பற்றி ஏதாவது கேட்டார்களா என்றேன்.

"யாருமே கேக்கலண்ணே" என்றார்.

இன்னும் கேட்கவில்லை.